ஆயாவின் கணக்கு

எங்கள் ஆயாவைப் பற்றிப் பேச்சு வந்தால் வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது, "அவளை மாதிரி தியாகி உண்டா?" என்பதுதான். காரியத்துக்கு வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். புருஷனுக்காக உழைத்தாள், பிள்ளைகளுக்காக உழைத்தாள், பேரப்பிள்ளைகளுக்காகத் தேய்ந்தாள். இதில் எதுவும் பொய்யில்லை. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆயா ஒரு வியாபாரி. கல்பாக்கத்தில் கடலுக்கும் அணுமின் நிலைய ஊழியர்களின் டவுன்ஷிப்புக்கும் நடுவே நாற்பது ஆண்டுக்கு மேல் மீன் விற்றவள். மீனையும் மனிதர்களையும் பணத்தையும் எடைபோடத் தெரிந்தவள். அந்த அறிவால்தான் நாங்கள் மூன்று வேளை சாப்பிட்டோம், படித்தோம். அதைச் சொல்லாமல் உழைப்பை மட்டும் சொன்னால் பாதி ஆயாவைத்தான் சொன்னதாகும்.

அவள் கல்யாணமாகி வந்தபோது அணுமின் நிலையம் கிடையாது. சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய குப்பம், சவுக்குத் தோப்பு, பனைமரங்கள், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். பதினேழாம் நூற்றாண்டில் துணி வியாபாரத்துக்காக டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் இடிந்த சுவர் நிழலில் கூடைகளை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் வெற்றிலை போடுவார்களாம். மீன் விற்க வேண்டுமென்றால் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் பக்கம் உள்ள கிராமங்களுக்கு நடக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல். போகிற வழியெல்லாம் மீனுக்கு நெல் வாங்குவதும் உண்டு. மீன் நேரத்தோடு கெடும், நெல் கெடாது, அதனால் அவசரப்படுகிறவர் யார் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். பேரம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதை அந்த நடையில்தான் கற்றுக்கொண்டதாக ஆயா சொல்வாள்.

1971-இல் முதல் உலையின் கட்டுமானம் தொடங்கியது. குப்பத்தில் அதைப் பற்றிப் பல பேச்சு. நிலம் போகிறதே என்ற கவலை ஒரு பக்கம், வேலை கிடைக்குமா என்ற எதிர்பார்ப்பு ஒரு பக்கம். ஆயா பார்த்தது வேறு. ஊருக்கு ஆள் வருகிறது, ஆளுக்கு வயிறு இருக்கிறது. முதலில் வந்தவர்கள் கட்டுமானத் தொழிலாளர்கள். ஷெட்டில் தங்கி, கல் அடுக்கி அடுப்பு மூட்டிச் சமைப்பவர்கள். அவர்கள் வேலை முடிந்து வரும் சாயங்காலத்தில் பச்சை மீன் செல்லாது, கருவாடுதான் செல்லும் என்று கண்டுபிடித்தாள். மற்றப் பெண்கள் விற்காமல் மீந்த மீனைக் கருவாடு போட்டார்கள். ஆயா கருவாட்டுக்கென்றே மீன் ஏலம் எடுத்தாள்.

அவள் கருவாடு போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அருவாமனையில் வயிற்றைக் கீறி, குடலை எடுத்து, முதுகுவரை பிளந்து புத்தகம் மாதிரி விரிப்பாள். நாலு பங்கு மீனுக்கு ஒரு பங்கு கல்லுப்பு. தொட்டியில் மீன் ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு, மேலே கல்லை வைத்து ஒரு ராத்திரி ஊறவிட வேண்டும். காலையில் அந்த உப்புத் தண்ணீரிலேயே அலசி வெயிலில் போடுவாள். நெத்திலிக்கு இந்தச் சடங்கெல்லாம் இல்லை; அப்படியே வலை விரித்துக் காயப்போட்டுவிடுவாள். மணலில் நேராகப் போட்டால் வேலை சுலபம், ஆனால் சாப்பிடும்போது பல்லில் நறநறக்கும். "ஒரு தடவ மண்ணு கடிச்சா மறுதடவ வாங்கமாட்டான்" என்பாள். வானத்தில் மேகம் ஏறினால் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் எல்லோரும் புத்தகப் பையை எறிந்துவிட்டுக் கருவாடு அள்ள ஓட வேண்டும்.

முதல் உலை 1983-இல் இயங்கத் தொடங்கியது. என் அம்மா நர்சிங் படிக்கச் சேர்ந்ததும் அந்தக் காலத்தில்தான். குப்பத்தில் பெண்பிள்ளை பத்தாவது தாண்டியதே பேச்சாக இருந்த நாளில், ஹாஸ்டலில் விட்டுப் படிக்கவைக்கிறாள் என்றால் சும்மா இருப்பார்களா? "பொட்டப்புள்ள சம்பாதிச்சு நீ தின்னப்போறியா?" என்று ஒரு உறவுக்காரர் கேட்டாராம். "ஏன், நான் சம்பாதிச்சு இவங்க தின்னலியா?" என்று ஆயா திருப்பிக் கேட்டாள். தாத்தாவுக்கு அப்போதே பார்வை மங்கிவிட்டது. கடலுக்குப் போவதை விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். அதனால் அவரும் மறுத்துப் பேசவில்லை. உலை கட்டியவர்கள் சாப்பிட்ட கருவாட்டுக் காசில் என் அம்மா நர்ஸ் ஆனாள். அம்மாவுக்கு இரவு ஷிஃப்ட், பகல் ஷிஃப்ட் என்று வெளியூரில் வேலை. நான் ஆயாவிடம் வளர்ந்தேன்.

கட்டுமானக்காரர்கள் போய்க் குடும்பங்கள் வந்ததும் ஆயாவின் வியாபாரம் மறுபடி மாறியது. டவுன்ஷிப்பில் இந்தியாவின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள். வங்காளத்து வீடுகளில் பெரிய மீனின் தலைக்கும் சினைக்கும் மதிப்பு. நம்மாட்கள் வேண்டாமென்று ஒதுக்குவதை அங்கே நல்ல விலைக்குக் கேட்பார்கள். மலையாளத்து வீடுகளில் மத்தியும் அயிலையும் போதும், வஞ்சிரம் வாங்கச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் குப்பத்தில் கவலை என்று மலிவாகப் போகும் மீனை ஆயா அவர்களுக்கென்று தனியாக எடுத்து வைப்பாள். மீனே சாப்பிடாத வீடுகளும் அந்தத் தெருக்களில் நிறைய உண்டு. அந்த வாசல்களைத் தாண்டும்போது கூவமாட்டாள். அடுத்த வீட்டுக்குப் போனபிறகுதான் குரல் எழும்பும்.

எந்த வீட்டில் பிரசவம் ஆகியிருக்கிறது என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் முன்பே ஆயாவுக்குத் தெரியும். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா வேண்டும். அது எல்லா நாளும் கிடைக்காது. கிடைக்கிற நாளில் யாருக்கும் காட்டாமல் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய், புட்டு செய்யும் விதத்தையும் வாசற்படியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டு வருவாள். சுறாவை வேகவைத்துத் தோலை உரித்து உதிர்ப்பது, பூண்டும் இஞ்சியும் எவ்வளவு போடுவது எல்லாம். மொழி தெரியாத ஊரில் தாயும் கூட இல்லாமல் குழந்தை பெற்ற பெண்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆயாவுக்கு அது பெரிய லாபம். அந்த வீடு பிறகு வேறு யாரிடமும் மீன் வாங்காது. பாசமும் வியாபாரமும் அவளிடம் தனித்தனியாக இருந்ததில்லை, அதற்காக அவள் கூச்சப்பட்டதும் இல்லை.

லீவு நாட்களில் என்னைக் கரைக்கு அழைத்துப்போவாள். விடிந்தும் விடியாத நேரம். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக அலையைத் தாண்டி வரும். மீனைக் கொட்டியதும் பெண்கள் முண்டியடித்துச் சூழ்வார்கள். ஆயா அவசரப்படமாட்டாள். படகு கரைக்கு வருமுன்பே அது தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்து வருகிறது என்று பார்த்திருப்பாள். அமிழ்ந்து வந்தால் மீன்பாடு நிறைய, விலை இறங்கும். பின்னால் இன்னும் எத்தனை படகு வருகிறது என்று பார்ப்பாள். பிறகு கூட்டத்துக்குள் கையை விட்டு ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போட்டுவிடுவாள். ஏலம் ஏறும். ஆயாவின் வாய் திறக்காது. எத்தனை கூறு தேறும், ஒரு கூறு என்ன விலைக்குப் போகும், ஐஸ் எவ்வளவு, ஷேர் ஆட்டோ எவ்வளவு என்று தலைக்குள்ளேயே பிரித்துப் பார்த்து ஒரு தொகையை வைத்திருப்பாள். விலை அதற்குள் இருந்தால் கேட்பாள். ஒரு ரூபாய் தாண்டினாலும் திரும்பிப் பார்க்காமல் அடுத்த படகுக்கு நடந்துவிடுவாள்.

"நல்ல சங்கரா ஆயா, இன்னும் பத்து ரூபா ஏத்திக் கேட்டிருக்கலாமே" என்று ஒருநாள் சொன்னேன்.

"மீனப் பாத்து ஏலம் கேக்காத கண்ணு. வாங்கப்போற வூட்டப் பாத்துக் கேளு. இன்னிக்கி இன்னா கெழம?"

வியாழக்கிழமை. பாதி வீட்டில் மீன் வாங்கமாட்டார்கள்.

இரவில் சாப்பாடு முடிந்ததும் கணக்கு. ஆயாவுக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது. நான் நோட்டோடு உட்காருவேன், அவள் சொல்லச் சொல்ல எழுதுவேன். யாருக்கும் பெயர் கிடையாது. மாடிவூட்டு வங்காளத்தம்மா, நாய் வூடு, மூக்குக்கண்ணாடி சார் வூடு, ரெட்டப்புள்ள வூடு. யார் எவ்வளவு வாங்கினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், பாக்கி எவ்வளவு என்று தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வரிசை தப்பாமல் வரும். நான் கூட்டிச் சொல்லும் தொகையை அவள் முன்கூட்டியே மனசில் போட்டு வைத்திருப்பாள். அப்படியானால் நோட்டு எதற்கு? கொஞ்சம் வளர்ந்தபிறகுதான் எனக்குப் பிடிபட்டது. நோட்டு அவளுக்கில்லை. எனக்குக் கணக்கு வரவேண்டும் என்பதற்காக.

கடன் கொடுப்பதற்கு அவளிடம் சட்டம் உண்டு. மத்திய அரசுச் சம்பளம் மாதக் கடைசி வேலைநாளில் வரும். அன்றைக்கும் மறுநாளும் எல்லா வீட்டுக்கும் போய்விட வேண்டும். மூன்றாம் நாள் போனால் மளிகைக்காரரும் பால்காரரும் முந்தியிருப்பார்கள். பழைய பாக்கி இருக்கும்போது கேட்டால் மீன் இல்லையென்று சொல்லக்கூடாது, சின்ன மீனாகக் கொடுக்க வேண்டும். மாற்றலாகிப் போகிற வீட்டுக்கு ஒரு வாரம் முன்பே போய், "ஊருக்குப் போறீங்களாமே" என்று விசாரிக்க வேண்டும். பணத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், அவர்களே எடுத்துவந்து கொடுத்துவிடுவார்கள். துக்க வீட்டில் கேட்கவே கூடாது.

குப்பத்தில் தண்டல்காரர்கள் வருவார்கள். ஆயிரம் ரூபாய் என்று எழுதிக்கொண்டு, பிடித்தம் போகக் கையில் கொடுத்து, நாளைக்குப் பத்து ரூபாயாய் நூறு நாள் வாங்குவார்கள். ஏலத்துக்கு முதல் இல்லாத பெண்களுக்கு அதைவிட்டால் வழியில்லை. ஆயாவும் இளமையில் வாங்கிச் சிக்கியிருக்கிறாள். பிறகு அதிலிருந்து விலக, கூட விற்கும் பெண்களைச் சேர்த்துச் சீட்டுப் பிடித்தாள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று அடித்துக் கடல் கொந்தளிக்கும். படகு இறங்காது. அந்த இரண்டு மாதத்தைத் தாண்டத்தான் சீட்டு. காதிலிருந்த கம்மல் அடகுக்கடைக்குப் போவதும் அப்போதுதான்.

அது திரும்பி வருவது கோடையில். 2001 முதல் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15-இலிருந்து 45 நாள் விசைப்படகுகளுக்குத் தடை வந்தது. 2017-இல் அதை 61 நாளாக நீட்டினார்கள். எங்கள் குப்பத்துச் சின்னப் படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. காசிமேட்டிலிருந்து வரும் பெரிய வரத்து நின்றுபோகும், கரையில் பிடிக்கிற கொஞ்ச மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். தடைக்காலம் என்றால் டிவியில் மீனவர் கஷ்டம் என்றுதான் காட்டுவார்கள். ஆயாவுக்கு அதுதான் அறுவடைக்காலம். அந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்பதைச் சித்திரையிலேயே முடிவு செய்துவிடுவாள். முதலில் கம்மலை மீட்க வேண்டும், அடுத்து ஜூன் மாதப் பள்ளிக்கூடச் செலவு. எனக்கும் மாமா பிள்ளைகளுக்கும் நோட்டும் யூனிஃபார்மும் ஒருவருஷமும் தாமதமானதில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மீன்காரர்களுக்கு வாரத்திலேயே பெரிய நாள். ஞாயிறென்றால் ஆயா வழக்கத்தைவிட முன்னதாகவே கரையிலிருந்து கிளம்பிவிடுவாள். அன்றும் சுனாமி அலை வந்தபோது மேற்கே புதுப்பட்டினம் பக்கம் இருந்தாள். நான் அவளோடு இருந்தேன். ஜனங்கள் ஓடிவந்த சத்தம்தான் முதலில். குப்பத்தில் எங்கள் வீடு போயிற்று. மாமாவின் படகு இரண்டாகப் பிளந்து சவுக்குத் தோப்புக்குள் கிடந்தது. எங்கள் வீட்டில் உயிர்ச்சேதம் இல்லை. பக்கத்துத் தெருவில் இருந்தது. டவுன்ஷிப்பில் கடலை ஒட்டிய குடியிருப்புகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்து பலர் இறந்தார்கள். நிலையத்துக்குக் கடல்நீர் எடுக்கும் பம்ப் ஹவுஸில் நீர் ஏறியதும், ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையைப் பாதுகாப்பாக நிறுத்திவிட்டார்கள் என்று சாயங்காலம் சொன்னார்கள். மேட்டுப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்கவைத்தபோது ஆயா யாரோடும் பேசவில்லை. கை மட்டும் என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் வேறுவிதத்தில் கடுமை. கடலில் பிணங்கள் போயிருக்கின்றன, மீன் அதைத் தின்றிருக்கும் என்ற பயம். தமிழ்நாட்டுக் கரை முழுக்க மீன் வாங்க ஆளில்லை. உதவி நிறைய வந்தது, ஆனால் எங்கள் பக்கம் அது பெரும்பாலும் படகாகவும் வலையாகவும் வந்தது. படகு ஆண்கள் பெயரில். கூடையும் அன்னக்கூடையும் தராசும் போனவர்கள், டவுன்ஷிப்பில் பாக்கிப் பணம் நிற்பவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. நோட்டும் வெள்ளத்தோடு போய்விட்டது. பாக்கி எல்லாம் ஆயாவுக்கு மனப்பாடம், கேட்டிருந்தால் பாதியாவது வந்திருக்கும். அவள் போகவில்லை. துக்க வீட்டில் கேட்கக்கூடாது என்ற சட்டத்தை அந்தத் தெருக்கள் முழுவதற்குமாக எடுத்துக்கொண்டாள். எந்த வீட்டில் சாவு, எந்த வீட்டில் இல்லை என்று பார்த்துப் போவது அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

அப்படியென்றால் மீண்டும் தொடங்க முதல் எங்கிருந்து வந்தது? கருவாட்டிலிருந்து. அலைக்கு முன்பே பிடித்துக் காயவைத்த கருவாடு உள்ளூர்க் கிராமங்களில் தெரிந்தவர்களிடம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதை மொத்தமாகக் கடனுக்கு எடுத்து, "இது பழைய சரக்கு, நல்லாப் பாத்துக்கோ" என்று சொல்லியே விற்றாள். பழைய சரக்கு என்பதே அந்த மாதத்தில் அதன் மதிப்பு. மார்கழி முடிந்து, தை முடிந்து, பச்சை மீனுக்கு ஜனங்கள் மெல்லத் திரும்பியபோது அவள் கையில் ஏலத்துக்கு முதல் இருந்தது. கூட விற்ற பெண்களுக்கு அதிலிருந்து கைமாற்றும் கொடுத்தாள், வட்டி வாங்கிக்கொண்டுதான். தண்டலில் பாதி வட்டி.

இவ்வளவும் சொன்னபிறகு, அவள் தனக்கென்று எதையுமே வைத்துக்கொள்ளவில்லை என்று யாராவது சொன்னால் அதுவும் சரியில்லை. வைத்துக்கொண்டாள். நல்ல வெற்றிலை இல்லாவிட்டால் அன்றைக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டாள். எம்.ஜி.ஆர் படம் எந்த டெண்ட் கொட்டகையில் ஓடினாலும் கூடையைப் பக்கத்து வீட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவாளாம். மாசிமகத்துக்கு மாமல்லபுரம் போவதை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை. பௌர்ணமி இரவில் கடற்கரை மணலில் இருளர்கள் குடும்பம் குடும்பமாகக் கூடிக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். கூட்டத்துக்கு நடுவில் ஆயா எனக்கு வளையலும் தனக்கு ஒரு பாசிமணி மாலையும் வாங்கிக்கொள்வாள். மீன் குழம்பில் நடுத்துண்டு பிள்ளைகளுக்கு, தலை அவளுக்கு. அதையும் தியாகக் கணக்கில் எழுதப்போன மாமாவிடம் சொன்னாள்: "போடா, தலைதான்டா ருசி. உங்களுக்கு அது தெரிஞ்சிடக்கூடாதுன்னுதான் நான் சொல்லல."

கொஞ்சுவது அவளுக்கு வராது. மடியில் போட்டுத் தாலாட்டியதாக எனக்கு நினைவில்லை. காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் விழித்திருப்பாள், காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். "நீ போனா புள்ளைய யார் பாக்கிறது?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டால், "போகலன்னா மருந்த யார் வாங்கறது?" என்பாள். அந்த வயதில் எனக்கு அது கோபமாக இருந்தது. என் அம்மா இரவு ஷிஃப்டுக்குப் போகும்போது சொன்ன பதிலும் ஏறக்குறைய இதுவே. நானும் இப்போது என் மகளிடம் வேறு வார்த்தையில் இதைத்தான் சொல்கிறேன்.

கடைசிக் காலத்தில் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. தெருத்தெருவாகப் போவதை விட்டு மார்க்கெட்டில் ஒரு இடத்தில் உட்கார்ந்து விற்றாள். 2021-இல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது அவளுக்கு ஒரே உற்சாகம். அதே ஆண்டு டிசம்பரில், குளச்சலில் மீன் விற்கும் ஒரு முதிய பெண்ணை நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட செய்தி டிவியில் வந்தது. முதலமைச்சர் வருத்தம் தெரிவித்தார், ஊழியர்கள் மேல் நடவடிக்கை எடுத்தார்கள். ஆயா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள்: "காசு குடுத்துப் போனப்பயும் எறக்கிவுட்டான். இப்பவும் எறக்கிவுடறான். அப்ப பிரச்சன காசுல இல்ல, பாத்தியா?" கணக்கு எங்கே உதைக்கிறது என்று அவளுக்குச் சட்டென்று தெரிந்துவிடும்.

அடுத்த ஆண்டு போய்ச் சேர்ந்தாள். படுக்கையில் கிடந்தது கொஞ்சநாள்தான். இறப்பைப் பதிவு செய்ய விண்ணப்பம் நிரப்பும்போது தொழில் என்ற இடத்தில் மாமா 'இல்லத்தரசி' என்று சொல்ல, அம்மா பேனாவை வாங்கி 'மீன் வியாபாரம்' என்று எழுதினாள். என் வாதமெல்லாம் அந்த இரண்டு வார்த்தையிலிருந்து பிறந்ததுதான். தியாகி என்றால் படத்துக்கு மாலை போட்டுக் கும்பிட்டுவிடலாம். நம் வேலை அதோடு முடிந்தது. வியாபாரி என்றால் அவளிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கற்றுக்கொண்டவள் நானில்லை, மாமா மகள். பி.காம் முடித்துவிட்டு வாட்ஸப்பில் மீன் விற்கிறாள். விடியற்காலையில் கரையில் நின்று போட்டோ எடுத்துப் போடுகிறாள். டவுன்ஷிப்புக்கும் அணுபுரத்துக்கும் மாமல்லபுரம் வரைக்கும் வெட்டிச் சுத்தம் செய்த மீன் பெட்டியில் போகிறது. பிரசவமான வீட்டுக்குப் பால்சுறா முதலில். சம்பள நாளன்று எல்லோருக்கும் பாக்கி விவரம். துக்க வீட்டுக்கு மெசேஜ் கிடையாது. ஆயாவின் சட்டம் எதையும் மாற்றவில்லை என்று சொன்னாள். தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருக்கிறாள்: செவுளைத் தூக்கிப் பார்க்காமல் போட்டோவை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களுக்குக் கடன் இல்லை, ஜிபே முதலில்.